814-க்கு மாட்டிய படம்

மாலை போட்ட படத்துக்கு எதிரே, அந்தப் படத்தில் இருக்கிற ஆளே வந்து நின்று, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததை நான் ஒரே ஒரு முறைதான் கண்டிருக்கிறேன். அந்த ஒரு முறையே போதும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அது. ஐப்பசி மழை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு காலை. ஆம்பூர் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் நான் சிறப்பு எஸ்.ஐ. ஆனாலும் ஸ்டேஷன் ரிஜிஸ்டர் எழுதிய பழைய பழக்கத்தில் எல்லாருக்கும் ரைட்டரம்மாதான். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். தப்புச் செய்தது நான், கட்டடத்தை எதற்கு இழுக்க வேண்டும்?

காவலர் வீரவணக்க நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பணியில் உயிர்விட்ட போலீஸ்காரர்களை நினைக்கிற நாள். மாவட்டத் தலைநகரில் துப்பாக்கி முழக்கத்தோடு பெரிதாக நடக்கும். எங்கள் ஸ்டேஷனில் எங்கள் அளவுக்கு நடத்துவோம்.

எங்கள் ஹாலில் ஒரே ஒரு படம்தான். உயரத் தொப்பி, முறுக்கு மீசை, கூர்மையான மூக்கு. கீழே ‘காவலர் 814 கே. முனுசாமி’ என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். வருஷம் பூராவும் அதற்குப் பிளாஸ்டிக் மாலை, வீரவணக்க நாளன்று மட்டும் நிஜ மாலை. பிளாஸ்டிக் மாலையைச் சோப்புத்தூளில் ஊறவைத்துக் கழுவி, அன்று காலைதான் திரும்ப மாட்டியிருந்தேன். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு பெரியவர் கையில் பிளாஸ்டிக் கவரோடு படியேறி வந்தார். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, அயர்ன் செய்த சட்டை.

“பாஸ்போர்ட் விசாரணைன்னு போன் வந்துச்சும்மா. மெக்காவுக்கு உம்ரா போறேன். வாணியம்பாடில பையன் வீட்ல இருக்கறேன், ஆனா கார்டுல இருக்கறது இந்த ஊரு பழைய வீட்டு அட்ரஸ், அதனால இங்க வரச் சொன்னாங்க.”

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. படத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.

“ஏம்மா, இந்தப் படம் எப்பத்திலருந்து இங்க இருக்குது?”

“ரொம்ப வருஷமா இருக்குது பாய். டூட்டில செத்துப்போன கான்ஸ்டபிள். முனுசாமின்னு பேரு.”

“முனுசாமி செத்தது எனக்கும் தெரியும்மா. ஆனா இந்தாளு சாவலியே.”

“இன்னா சொல்றீங்க?”

“இது நான்தாம்மா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் நின்ற பாராக்காரருக்கு வந்தது. அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, பெரியவரிடம் ஆதாரம் கேட்டேன். போலீஸ் புத்தி அது, பேய் வந்தாலும் அடையாள அட்டை கேட்கும். அவர் கவருக்குள்ளிருந்து கார்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அப்துல் சத்தார், தலைமைக் காவலர், ஓய்வு. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். தாடியை மறைத்துப் பார்த்தேன். அதே மூக்கு.

“நான் வேற சைஸ்ல இருந்தேன் அப்ப” என்றார் வெட்கத்தோடு.

நம்பர் கைமாறும்

போலீஸ் வேலை தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கான்ஸ்டபிளாகச் சேர்ந்ததும் ஒரு நம்பர் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அப்பா அம்மா வைத்த பெயர் வீட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும்தான். ரோல்காலில் நம்பர், டூட்டி போடும்போது நம்பர், திட்டு வாங்கும்போதும் நம்பர். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு போன் செய்து என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். “அப்டி யாரும் இங்க இல்லியே” என்று வைத்துவிட்டார்கள். அந்த போனுக்கு எதிரே உட்கார்ந்து நான் வறுத்த பட்டாணி தின்றுகொண்டிருந்தேன்.

வேறு ஜில்லாவுக்கு மாற்றலானால் நம்பரை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அங்கே வேறொன்று தருவார்கள். ஓய்வு பெற்றாலும் அப்படித்தான், இறந்தாலும் அப்படித்தான். பஸ்ஸில் ஒருவர் இறங்கினால் அந்த ஸீட்டில் அடுத்தவர் உட்காருகிற மாதிரி, காலியான நம்பர் புதிதாக வருகிறவருக்குப் போய்விடும்.

முனுசாமி இறந்து ஆறேழு மாதம் கழித்து, இருபத்திரண்டு வயதில் போலீஸில் சேர்ந்தார் சத்தார். அவருக்கு 814 கிடைத்தது. இரண்டு மூன்று வருஷம் அந்த நம்பரில் இருந்துவிட்டுத் தெற்கே எங்கோ மாற்றலாகிப் போனார். அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்று, வயதான பிறகுதான் மகனோடு இருக்க வாணியம்பாடிக்கு வந்தார். அதனால் இத்தனை வருஷமாகத் தனக்கு ஒரு மாலை விழுந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

இனி என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத காலம். அப்போதிருந்த இன்ஸ்பெக்டர், “நம்ம ஸ்டேஷன்காரர் ஒருத்தர் உயிரக் குடுத்திருக்காரு, சுவத்துல ஒரு படம் இல்லியே” என்று வருத்தப்பட்டு என்னை வேலூரில் இருந்த ஜில்லா போலீஸ் ஆபீஸுக்கு அனுப்பினார்.

அங்கே ரிக்கார்டு ரூமில் ஒரு தகரப்பெட்டி நிறைய பழைய சின்னப் படங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் மசியில் நம்பர் மட்டும் எழுதியிருந்தது, பெயர் கிடையாது. பத்து நிமிஷத்தில் 814-ஐக் கண்டுபிடித்துவிட்டேன். ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். ஸ்டுடியோக்காரர் தன் பங்குக்கு மீசைக்குக் கறுப்பும் உதட்டுக்குச் சிவப்பும் ஏற்றிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் என்னை எல்லார் முன்னாலும் வெரிகுட் என்றார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

எந்த 814 என்று கேட்க எனக்கு ஒரு வினாடிகூடத் தோன்றவில்லை. நம்பர்தான் சரியாக இருந்ததே!

நான்கு வரி

வீரவணக்க நாளன்று முனுசாமியைப் பற்றி நாங்கள் வாசிப்பது மொத்தம் நான்கு வரி. மலையடிவாரச் செக்போஸ்ட்டில் பணியில் இருந்தபோது, சந்தனக்கட்டை கடத்தி வந்த லாரியைத் தடுத்து நிறுத்த முயன்றார். லாரி தடுப்புக் கட்டையை முறித்துக்கொண்டு அவர் மீது ஏறியது. அந்த இடத்திலேயே உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

வருஷா வருஷம் இதை வாசித்து முடிக்கும்போது, இவ்வளவுதானா இந்த மனுஷன் என்று எனக்குக் கோபம் வரும். இருபத்தேழு வருஷத்தில் அவர் வேறெதுவுமே செய்யவில்லையா? சாப்பிடவில்லையா, யாரோடும் சண்டை போடவில்லையா? ஆனால் எங்களிடம் இருந்தது அதுதான்.

அந்த நான்கு வரியையும் கூடவே வாய்க்குள் சொல்லிக்கொண்டு நிற்பாள் தேவகி.

தேவகி முனுசாமியின் ஒரே மகள். லாரி ஏறிய நாளில் அவள் அம்மா வயிற்றில் நான்கு மாசம். அப்பா அம்மா கல்யாணம் கோயிலில் நடந்தது, படம் எடுக்கவில்லை. அம்மாவும் பெரியப்பாவும் அவள் இருபது தாண்டுவதற்குள் போய்விட்டார்கள். ஸ்டேஷனில் படம் மாட்டியபோது, அது சரியான ஆள்தானா என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

முதல் முறை அவள் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அரைமணி நேரம் படத்துக்கு முன்னால் நின்றாள். தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தாள், அப்படிச் சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் மூக்கைத் தொட்டுக்கொண்டு, “என் மூக்கு இங்கருந்துதான் வந்திருக்குது” என்று அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன்.

அதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை அவளுக்கு. அரை நாள் லீவு போட்டுவிட்டு, டிபன் பாக்ஸ் நிறைய கேசரி கிளறி எடுத்துக்கொண்டு வருவாள். படத்துக்கு ஒரு பிரதி போட்டு வாங்கிப் போய் வீட்டுச் சாமி மாடத்தில் வைத்தாள். மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் விழுந்து கும்பிட்டது அந்தப் படத்தைத்தான். பேத்தி பிறந்து பத்தாம் நாள் எனக்கு போன் செய்து, “அக்கா, கொள்ளுத் தாத்தா மூக்கு அப்டியே இருக்குது” என்றாள்.

அந்த மூக்குதான் இப்போது என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் இன்ஸ்பெக்டருக்கு என் மகன் வயது. விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். “மேடம், நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும். அப்டியே விட்டுடலாமே. அந்தம்மா நிம்மதியா இருக்காங்க.”

உண்மையைச் சொன்னால், எனக்கும் அதுதான் ஆசை. தேவகி முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் என்னிடம் இல்லை. ஆனால் சத்தார் பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சார், எனக்கு மால போட்டதுல ஒண்ணும் பேஜார் இல்ல. ஆனா எல்லாரும் என் மூஞ்சியக் கும்பிட்டா, அந்த மனுசன யாரு கும்பிடறது?”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினேன்.

கம்பெனி கேட்

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் தேவகியின் கம்பெனி கேட்டுக்குப் போனேன். வேப்பமர நிழலில் பெண்கள் கூட்டம் கூட்டமாக டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்கள். பசை வாசனையும் புளிக்குழம்பு வாசனையும் கலந்து அடித்தது.

“இன்னாக்கா, கேசரிக்கு இன்னும் மூணு நாள் இருக்குதே, இப்பவே வந்துட்டீங்க?” என்று சிரித்தாள் தேவகி.

நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நின்று நிதானித்தால் சொல்ல முடியாது என்று தெரியும். நம்பர், தகரப்பெட்டி, சத்தார் பாய், எல்லாம்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் லேசாகச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

“அப்ப இவ்ளோ நாளா நான் யாரக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்?”

“அவரும் போலீஸ்காரர்தான் தேவகி. ரிட்டயர் ஆயிட்டாரு. தங்கமான மனுஷன். நல்லா இருக்காரு.”

“அவரு நல்லா இருக்காரு. எங்கப்பா எங்க?”



அதுவரை என்னை அவள் ‘நீங்க’ என்றுதான் பேசியிருக்கிறாள். அன்றைக்கு அது மாறியது. “எனக்கு அப்பாவக் குடுத்தது நீ. இப்ப நீயே வந்து புடுங்கற. வீட்டுக்குப் போய் என் பேத்திகிட்ட இன்னா சொல்றது? இது தாத்தா இல்ல கண்ணு, யாரோ ஒரு பாய்னா?”

சோற்றை மூடினாள். ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

“எனக்கு எங்கப்பா வேணும். படமோ கெடமோ, எதுவோ ஒண்ணு, நெசமா அவரோடதா கொண்டாந்து காட்டு. இல்லன்னா இனிமே நான் அந்த ஸ்டேஷன் படி ஏற மாட்டேன்.”

இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ மேலதிகாரிகளிடம் டோஸ் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்துவிட்டு, கண்டக்டர் என் யூனிபார்மைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனதுகூட எனக்கு இறங்கிய பிறகுதான் உறைத்தது.

வேலூர் பஸ்

மறுநாள் காலை வேலூருக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் சத்தார் பாய் எனக்கு முன்னாலேயே நின்றிருந்தார்.

“நீங்க எதுக்கு ஏட்டய்யா?”

“நானும் வர்றேன்மா. 814 ரெண்டு பேரு இருந்தோம். ஒருத்தர் வர முடியாது, இன்னொருத்தனாவது வரணும்ல?”

ஜன்னலோரம் உட்கார்ந்தவர் மாதனூர் தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம் நிறுத்தவில்லை.

அந்த நம்பர் அவருக்கு வந்தபோது, பழைய ஆட்கள் ஒரு மாதம் போல அவரை நம்பர் சொல்லிக் கூப்பிடவே இல்லையாம். “டேய் தம்பி” என்பார்களாம். ரோல்காலில் ‘814’ என்றதும் வரிசையே ஒரு தடவை கப்சிப் ஆகிவிடுமாம். “நான்தான் ‘யெஸ் சார்’னு கத்துவேன். கத்தும்போதே எனக்கு இன்னாவோ மாதிரி இருக்கும். அடுத்தவன் வீட்டுக்குள்ள பூந்துட்ட மாதிரி.”

“அவரப் பத்தி யாராவது சொல்லியிருக்காங்களா?”

“மெஸ் சமையல்காரரு சொன்னாரும்மா. நான் மொத நாள் போய் எட்டு இட்லி சாப்ட்டு எழுந்தேன். அவரு என் தட்டப் பாத்துட்டு, ‘814-னா இருவத்திரண்டு சாப்பிடணும்டா, நம்பர் மானத்த வாங்காத’ன்னாரு. முனுசாமி பந்தயம் கட்டி இருவத்திரண்டு இட்லி சாப்ட்டாராம். சாப்ட்டுட்டு, சட்னி கம்மியா இருந்துச்சுன்னு சண்ட வேற போட்டாராம்.”

பஸ் என்று பாராமல் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான்கு வரிக்கு மேல் முனுசாமியைப் பற்றி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டிருக்கிறார், சண்டையும் போட்டிருக்கிறார்!

ரிக்கார்டு ரூமில் முதலில் தகரப்பெட்டியைப் பார்த்தோம். வேறு 814 படம் இல்லை. பிறகு நம்பர் வாரியாகக் கட்டி வைத்திருந்த பழைய கட்டுகளில் 814-ஐ எடுத்துக் கொடுத்தார் அங்கிருந்த அம்மா. ஆவலாகப் பிரித்தால், உள்ளே முழுக்க சத்தார் பாயின் லீவ் லெட்டர்கள். பெரியப்பா இறந்துவிட்டார், மூன்று நாள் விடுப்பு வேண்டும். நான்கு மாதம் கழித்து, பெரியப்பா இறந்துவிட்டார். தீபாவளிக்கு முந்தின வாரம், பெரியப்பா இறந்துவிட்டார்.

“ஏட்டய்யா, ஒரே வருஷத்துல உங்க பெரியப்பா மூணு தரம் மவுத்தாயிருக்காரே?”

“புதுப் படம் ரிலீசும்மா” என்றார் குரலை இறக்கி. “அவரு அதுக்கப்புறம் முப்பது வருசம் ஜம்முனு இருந்தாரு.”

சிரித்து முடித்ததும் எனக்குச் சோர்வாகிவிட்டது. மணி ஒன்றாகப்போகிறது. கட்டு காலி, பெட்டி காலி. ரிக்கார்டு ரூம் அம்மா சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்தபடியே கேட்டார்.

“இறந்துபோனவரத் தேடறீங்களா? அத மொதல்ல சொல்ல மாட்டீங்களா? நம்பர்ல தேடினா எப்டிக் கிடைப்பாரு? நம்பர்தான் அடுத்தவருக்குப் போயிடுச்சே. பென்ஷன் யாரு வாங்கினாங்க?”

“அவரு சம்சாரம்.”

“அந்தம்மா பேர்லதான் கட்டு இருக்கும். பேரச் சொல்லுங்க.”

நான் வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. இருபத்தைந்து வருஷம் தேவகியின் கேசரி சாப்பிட்டிருக்கிறேன், அவள் அம்மா பெயரைக் கேட்டதே இல்லை.

தேவகியின் கம்பெனிக்கு போன் போட்டேன். சூப்பர்வைசர் போய்க் கூட்டி வந்தார். தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் காரணத்தைச் சொன்னேன்.

“ராஜம்மா” என்றாள். வைத்துவிட்டாள்.

‘ரா’ கட்டுகள் மேல் தட்டில் இருந்தன. சத்தார் பாய்தான் ஸ்டூல் மேல் ஏறினார், சொன்னால் கேட்கவில்லை. தூசியோடு ஒரு கட்டு இறங்கியது. ராஜம்மாள், கணவர் பெயர் முனுசாமி, காவலர் 814, காலமானார். பென்ஷன் காகிதங்களுக்கு அடியில், ஓரம் பழுத்துப்போன ஒரு சர்வீஸ் புத்தகம்.

அவசர அவசரமாகப் புரட்டினேன். படம் இல்லை. அந்தக் காலத்து சர்வீஸ் புத்தகத்தில் படம் ஒட்டுகிற வழக்கமே இல்லையாம். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தேவகியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

சத்தார் பாய் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி முதல் பக்கத்துக்கே திரும்பப் போனார்.

“ஏம்மா, மூஞ்சி இல்லன்னா ஆளே இல்லியா? இங்க பாரு.”

உயரம் எழுதியிருந்தது. அங்க அடையாளம் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவர் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே வரிசையாக, கறுப்பு மசியில், இடது கை விரல்கள் ஐந்தின் ரேகை. கட்டை விரலிலிருந்து சுண்டு விரல்வரை ஒவ்வொன்றும் நேற்று வைத்த மாதிரி தெளிவாக இருந்தது.

சுவரில் ஒரு கை

புத்தகத்தை ஒரு நாளைக்கு ஸ்டேஷனுக்கு எடுத்துவர இன்ஸ்பெக்டர் யார் யாரிடமோ பேசி அனுமதி வாங்கினார். படம் மாட்டியிருந்த ஆணி சும்மா இருக்கக்கூடாது என்று, ரேகைகளைப் பெரிதாக்கிச் சட்டம் போடுகிற யோசனையும் அவருடையதுதான். நான் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். பழைய ஸ்டுடியோக்காரரின் மகன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இன்னா கேஸ் மேடம்? திருடனா?”

பொறுமையாக இருக்க முயன்றேன். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. நானும் என் சர்வீஸ் முழுக்கத் திருடன் ரேகையைத்தான் பெரிதாக்கியிருக்கிறேன். போலீஸ்காரன் ரேகை ஸ்டேஷன் சுவரில் ஏறுவது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. “உங்கப்பா மாதிரி கறுப்பு, சிவப்பு எதுவும் ஏத்தாத. இருக்கற மாதிரியே குடு” என்று மட்டும் சொன்னேன்.

வீரவணக்க நாள் காலை எட்டு மணிக்கு எல்லாரும் யூனிபார்மில் வரிசையாக நின்றோம். பழைய ஆணியில் ரேகைச் சட்டம் நிஜ மாலையோடு தொங்கியது. சத்தார் பாய் வெள்ளைச் சட்டையில் ஓரமாக நின்றார். பழைய படத்தைக் காகிதத்தில் சுற்றி அவரிடமே கொடுத்திருந்தேன், அது அவர் கால் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் அப்பாவுடையது ஒன்று கிடைத்திருக்கிறது என்று முந்தின நாளே கம்பெனிக்கு போன் செய்து சொல்லியிருந்தேன், ஆனால் தேவகியைக் காணவில்லை. எட்டேகால் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், நான் வாசலைப் பார்த்தேன்.

எட்டரைக்கு வந்தாள். கையில் டிபன் பாக்ஸ் இல்லை. படியில் நின்று செருப்பைக் கழற்றியவள், நேராக என்னிடம் வராமல், சத்தார் பாய்க்கு எதிரே போய் நின்றாள். யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும், இருபத்தைந்து வருஷம் பார்த்த முகம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மூக்கு நெசமாவே என்னுது மாதிரிதான் இருக்குது” என்றாள் தேவகி கடைசியில்.

“நீயே வெச்சுக்கம்மா” என்றார் அவர். “உங்கப்பாவோடத நான் ஒண்ணு எடுத்தேன். நீ என்னோடத ஒண்ணு எடுத்துக்க.”

பாராக்காரருக்கு இந்த முறையும் சிரிப்பு வந்தது. நான் முறைக்கவில்லை, ஏனென்றால் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அதே சூட்டில் அவர் இருபத்திரண்டு இட்லிக் கதையைச் சொன்னார். சட்னிச் சண்டையைக் கேட்டதும் தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, என் பையன் தெனமும் என்னோட போடற சண்ட!”

அவளை மேஜைக்குக் கூட்டிப்போய் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. இடது தோளில் மச்சம்.

“அவ்ளோ உயரமா?” என்றாள். தழும்பு எப்படி வந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். இனி தெரியாததைத் தெரியாது என்றே சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். அவள் தலையாட்டினாள்.

“இது இன்னா?”

“அவரு வெரலு. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு மசியத் தொட்டு அவரே வெச்சது.”

தேவகி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “எனக்கெல்லாம் ரேகையே இல்ல. தோலும் பசையும் தின்னுடுச்சு. கம்பெனில கைரேகை மெஷின் என்னத் தெரியாதுன்னுடும், ரேஷன் கடையிலயும் அதே கததான்.” சொல்லிக்கொண்டே கையைச் சேலையில் துடைத்தாள். ஒரு முறை துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தாள்.

பிறகு இடது கையை விரித்து, கட்டை விரலைக் கட்டை விரல் மேல் வைத்தாள். அடுத்த விரலை அடுத்த விரல் மேல். காகிதம் நோகாதபடி, மெதுவாக, ஐந்தையும் வைத்தாள். அவள் விரல்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் கறுப்பு மசி வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அதை அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது, பள்ளிக்கூடத்தில் தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிற சின்னப் பெண்ணின் முகம் அவளுக்கு இருந்தது.

“எங்கப்பாவுக்கு எவ்ளோ பெரிய கை அக்கா” என்றாள்.